சுகர் உள்ளவருக்கு ஈறு வைத்தியம்: கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஆறு நடை

முதல் நடை வீணாகப் போனதற்கு ஒரே ஒரு தாள்தான் காரணம். அம்மாவின் சுகர் நோட்டு, மாத்திரைச் சீட்டு, பழைய பல் எக்ஸ்ரே எல்லாம் பையில் இருந்தன. எச்பிஏ1சி ரிப்போர்ட் மட்டும் இல்லை. விடிகாலையில் திருப்பாப்புலியூரில் பஸ் ஏறி, புதுச்சேரியில் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, பதினோரு மணிக்கு உள்ளே போனால், "மூணு மாச சுகர் டெஸ்ட் எங்கம்மா? அது இல்லாம ஆரம்பிக்க முடியாது" என்றார் டாக்டர். வெறும் வயிற்றில் 138 என்று முந்தின நாள் எடுத்த சீட்டைக் காட்டினோம். அது ஒரு காலைப்பொழுதின் கணக்கு மட்டுமே. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை எச்பிஏ1சிதான் சொல்லும். டாக்டர் கேட்டது நியாயம். முந்தின நாள் போனில் கேட்டபோது "ஆதார் கார்டு போதும்" என்று சொன்ன கவுன்ட்டர்மீதுதான் இன்னும் கோபம் தீரவில்லை.

ஆகவே சுகர் உள்ளவரை ஈறு வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் எடுத்த எச்பிஏ1சியை முதலில் பையில் போடுங்கள். இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டு மத்தியானம்கூட ரத்தம் கொடுக்கலாம். எங்களுக்கு யாரும் சொல்லாததால் கடலூர் லேப்பில் அம்மா ஒன்பது மணிவரை பட்டினி உட்கார்ந்திருந்தார். ரத்தசோகை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரும்புச்சத்துக் குறைவில் இந்த அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம்.

மாத்திரைச் சீட்டோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிற பெரியவர்கள் பலருக்குப் பெயர் தெரியாது. "வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரை" என்றுதான் சொல்வார்கள். அம்மாவின் அட்டைகளில் ஒன்று பிரஷருக்கான அம்லோடிபின். அதைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்தார். சிலருக்கு அந்த மாத்திரை ஈறைத் தடிக்க வைத்துப் பல்மேல் ஏறி வளரச் செய்யும். அழுக்கு தேங்க அது ஒரு கூடுதல் இடம். நாமாக நிறுத்தக் கூடாது. பல் டாக்டர் ஒரு சீட்டு எழுதித் தந்தார், பிரஷர் பார்க்கிற டாக்டர் மாற்று மாத்திரை கொடுத்தார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளையும் இப்படித்தான்: சொல்ல வேண்டும், சொந்தமாக நிறுத்தக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வருஷம் வீணாகப் போயிருந்தது. சுகர் டாக்டரிடம் போனால் "சோத்தைக் குறைங்க" என்பார். தெருக்கோடி பல் டாக்டரிடம் போனால் "சுகர் குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார். இடையில் பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. பல் பிடுங்குவதையும் ஈறு அறுவையையும் அவசரமில்லாவிட்டால் சுகர் இறங்கும்வரை தள்ளிவைப்பது சரி. ஆழமாகச் சுத்தம் செய்வது வேறு, அதற்குச் சுகர் இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஈறுக்குள் இருக்கும் சீழும் கிருமியும் உடம்பை ஓயாத அழற்சியில் வைத்திருக்கின்றன. அங்கே சுரக்கும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. அந்தப் பக்கம் சுகர் கூடினால் வெள்ளணுக்கள் மந்தமாகி, சிறு ரத்தக் குழாய்கள் கெட்டு, ஈறுப் புண் ஆறுவது தாமதமாகும். ஒன்றை ஒன்று தூக்கிவிடும். 1993லேயே ஹெரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளர் ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு எல்லாம் இருக்கும் பட்டியல் அது. இன்றைக்கும் சுகர் கிளினிக்கில் காலைப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள், வாயைத் திறக்கச் சொல்கிறவர் குறைவு.

இரண்டாவது நடையில் அளவெடுத்தார்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக இறக்குவார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். டாக்டர் எண்களைச் சொல்லச் சொல்ல உதவிக்கு நின்ற பெண் எழுதிக்கொண்டே போனார்: "மூணு, ரெண்டு, மூணு. நாலு, அஞ்சு, ஆறு, ரத்தம்." ஒன்றிலிருந்து மூன்றுவரை நல்லது. நாலிலிருந்து கவலை. அந்த ஆழத்துக்கு வீட்டு பிரஷ் எட்டவே எட்டாது. அம்மாவின் மேல் கடைவாய்ப் பல்லில் ஏழு. வலியே இல்லாமல் ஏழு! வலி இல்லை என்பதால்தான் இந்த நோயை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இப்படி எல்லாப் பல்லைச் சுற்றியும் இருக்கும் புண்ணைச் சேர்த்து விரித்தால் ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் அளவுக்கு வரலாம். காலில் அந்த அளவு புண் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். அந்த அளவுத்தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.

அன்றைக்கே சுத்தம் செய்ய ஆரம்பிப்பதாக இருந்தது. நடக்கவில்லை, அதற்கும் காரணம் இருந்தது. "பல் வேலை, சாப்பிடக் கூடாது" என்று அம்மாவே முடிவு செய்துகொண்டு ஏழு மணிக்கு கிளிமிபிரைடு மாத்திரையை வெறும் டீயோடு போட்டிருக்கிறார். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுகரை இறக்கிக்கொண்டே இருக்கும். பதினொன்றரைக்கு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே நெற்றியில் வியர்வை. டோக்கனைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. "என்னம்மா செய்யுது?" என்றால், "ஒண்ணுமில்ல, பசி" என்றார். குளுக்கோமீட்டரில் 58. குளுக்கோஸ் பவுடர் மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில். சரியாகப் பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்த்தால் 91. பிறகு இரண்டு இட்லி. எழுபதுக்குக் கீழே இறங்கினால் இதுதான் முறை: 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம், மறுபடி சோதனை, ஏறாவிட்டால் இன்னொரு முறை. பிஸ்கட், சாக்லேட் வேண்டாம். கொழுப்பு கலந்ததால் மெதுவாகத்தான் ஏறும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அதற்குப் பிறகு வழக்கம்போல் காலை டிபன் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, காலை முதல் நேரத்தையே கேட்டு வாங்கினோம். குளுக்கோஸ் பாக்கெட்டும் குளுக்கோமீட்டரும் கைப்பையிலேயே இருந்தன.

மூன்றாவது, நான்காவது நடைகள் சுமுகம். மரப்பு ஊசி போட்டு ஒரு நாள் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம், ஈறுக்கு உள்ளே வேர்வரை காரையை, அதாவது பல்லில் கல்லாக இறுகிய அழுக்கை, எடுத்தார்கள். மரப்பு இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சூடாக எதுவும் கூடாது, உதட்டைக் கடித்துவிடுவார்கள். ஆனால் சுகர்காரர் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளவும் முடியாது. நாங்கள் ஆறிய தயிர்சாதத்தை வாழைப்பழம் இல்லாமல் கட்டிக்கொண்டு போனோம். வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்காதீர்கள். நாள்பட்ட சுகரில் சிறுநீரகம் பலவீனப்பட்டிருக்கலாம். அம்மாவுக்குப் பாராசிட்டமால் போதுமாக இருந்தது. அதே கடையில் ஈறு வீக்கத்துக்கு என்று ஆன்டிபயாடிக் தருவார்கள். பல்லில் ஒட்டிய காரையைச் சுரண்டாமல் மாத்திரை மட்டும் போட்டால் வீக்கம் வடிந்து மறுபடி வரும். அம்மா இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டியிருந்தார்.

குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி 0.2 சதவீதம், பத்து மில்லி, காலை இரவு, ஒரு நிமிஷம் கொப்பளிக்கச் சொன்னார்கள். பல் தேய்த்து அரைமணி நேரம் இடைவெளி விட வேண்டும், பேஸ்ட் அதன் வேலையைக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்குமேல் நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் ருசி மாற்றம். நல்ல மருந்து என்று மாசக்கணக்கில் கொப்பளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை வந்தது இரண்டாம் வாரத்தில். "க்ளீன் பண்றேன்னு பல்லைச் சுரண்டி சந்து விழ வெச்சுட்டாங்க" என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்ல, அம்மாவும் இனி போகமாட்டேன் என்றார். உண்மையில் வீக்கம் வடிந்ததால் ஈறு சுருங்கியது. காரை அடைத்திருந்த சந்து வெளியே தெரிந்தது. வேர் வெளிப்பட்டதால் சில்லென்ற தண்ணீர் கூசும், சில வாரத்தில் குறையும். இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் பாதியில் நிற்கும். அந்தச் சந்துகளுக்குக் குச்சி விடாமல், சந்துக்குச் சரியாகப் பொருந்தும் குட்டி பிரஷ் வாங்கி நாளுக்கு ஒருமுறை விட வேண்டும். சாம்பல், செங்கல் பொடி, உப்புத்தூள் எதுவும் அந்த ஈறில் படக்கூடாது.

ஆறு வாரம் கழித்து ஐந்தாவது நடையில் மறுபடி அளந்தார்கள். பெரும்பாலும் மூன்று, நான்கு. ஏழாக இருந்தது ஐந்து. ரத்தம் எழுதப்பட்ட இடங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கின.

அடுத்த எச்பிஏ1சியைச் சுத்தம் செய்து மூன்று மாதம் முடிந்த பிறகே எடுங்கள். அவசரப்பட்டு மூன்றாவது வாரமே எடுத்தால் பழைய நாட்களின் சுகரும் அதில் கலந்திருக்கும். அம்மாவுக்கு 9.1 இருந்தது 8.5 ஆனது. சுகர் மாத்திரையின் அளவு மாறவில்லை, சாப்பாடும் பெரிதாக மாறவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பிலும் ஈறு வைத்தியத்துக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் சராசரி இறக்கம் 0.43 என்றே இருக்கிறது. மாத்திரையை நிறுத்தும் அளவு இல்லை. ஒரு புது மாத்திரை சேர்ப்பதைத் தள்ளிப்போடும் அளவு.

அந்த ரிப்போர்ட்டையும் இரண்டு ஈறு அளவுத்தாள்களையும் சேர்த்து சுகர் டாக்டர் மேசையில் வைத்தோம். பழைய தாளில் சிவப்பில் வட்டமிட்ட ஏழையும் புதியதில் ஐந்தையும் அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டையும் அம்மாவின் ஃபைலில் கோத்துவிட்டு, "அடுத்த தடவையும் இதைக் கொண்டாங்கம்மா" என்றார். ஆறாவது நடை போய்வந்துவிட்டோம். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு அறுவை வேண்டுமா என்று எச்பிஏ1சி எட்டுக்குக் கீழே வந்த பிறகு பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.