சீட்டை வாசியும்

எங்கள் விலங்கியல் ஆசிரியர் காலமான செய்தி கடந்த மாசியில் இலண்டனுக்கு வந்து சேர்ந்தபோது, நான் நுணுக்குக்காட்டியின் கீழ் இரண்டு மில்லிமீற்றர் நீளமான ஓர் ஈயின் சிறகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. உயர்தர வகுப்பில் நம்மோடு விலங்கியல் படித்த எவருக்கும் 'சேர்' என்றால் அவர் ஒருவர்தான்.

1981ஆம் ஆண்டு, ஒவ்வொருவரும் பத்துப் பூச்சிகளைப் பிடித்து, இடமும் திகதியும் எழுதிய சீட்டுடன் கொண்டுவர வேண்டுமென்று அவர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் தேடி அலைந்தார்கள். நானோ கடைசி இரவுவரை ஒன்றும் செய்யாமலிருந்துவிட்டு, குசினிப் படியில் கிடந்த பலாப்பழச் சடையில் மொய்த்த கொசுக்களை ஸ்பிரிட் குழாய்களில் அடைத்து, சீட்டுகளில் கீரிமலை, தொண்டைமானாறு, சுண்டிக்குளம் என்று இலங்கையின் வடக்கிலுள்ள பெரிய பெரிய இடங்களாக எழுதினேன். (நம் ஊரில் கொசு என்பது பழத்தில் மொய்க்கும் சின்ன ஈ, கடிப்பது நுளம்பு. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.)

சேர் முதலாவது குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கீரிமலைக் கேணியடியில் எந்தப் பலாப்பழத்தில் இதைப் பிடித்தீர்?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்க, நான் வாய் திறக்காமல் நின்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. பத்துச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாக வாசித்துக் கிழித்தார். "பெயரைப் பிழையாக எழுதினால் பின்னால் வருபவன் திருத்துவான். இடத்தைப் பொய்யாக எழுதினால் ஒருவனாலும் திருத்த முடியாது. பத்து உயிரை வீணாகக் கொன்றிருக்கிறீர்" என்றார். அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டு தனியாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பாடம் முடிந்ததும் என்னை ஆய்வுகூடத்துக்கு அழைத்து, அதே பலாப்பழக் கொசு ஒன்றை நுணுக்குக்காட்டியில் வைத்தார். சிவந்த கண்கள், உணர்கொம்பிலிருந்து இறகுபோல் கிளைத்த ஒரு மயிர், சிறகுக்குப் பின்னால் குண்டூசித் தலைபோல் இரு குமிழ்கள். அவைதான் ஈயின் பின்சிறகுகள் என்றும், பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் சுழல்கிறதென்று அறியவே அவை துடிக்கின்றன என்றும் சொன்னார். ஒரு மணித்தியாலம் அந்தக் கதிரையை விட்டு நான் எழும்பவில்லை.

1984இல் புறப்பட்டு வந்தேன். வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று கால் நூற்றாண்டு போன பிறகு, இலண்டனின் ஓரத்திலுள்ள எப்பிங் காட்டில் வலையோடு புல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு முதியவரைக் கண்டு நின்றதில் மறுபடியும் தொடங்கியது. பிரித்தானியாவில் ஈ இனங்கள் 7,000க்கு மேல். எனக்கு வாய்த்தது கூன்முதுகு ஈக்களின் குடும்பம். அவை பறப்பதைவிட விட்டுவிட்டு ஓடுவதையே விரும்பும். அவற்றுள் மெகாசீலியா என்ற ஒரு பேரினத்துக்கு மட்டும் இந்நாட்டில் 200க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மயிர்களை எண்ணி, ஆணின் வயிற்று நுனியை ஊசியால் பிரித்துப் பார்த்தால்தான் பலவற்றைப் பிரித்தறியலாம். ஓர் இரவில் ஒன்றை இனங்கண்டால் எனக்கு அது நல்ல இரவு.

இந்த வேலையில் என்னைப் போன்ற ஆர்வலர்களின் பங்கு பெரிது. இலங்கையையும் சேர்த்துப் பிரித்தானிய இந்தியாவின் ஈக்களைப் பற்றி 1912, 1920, 1923ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் எழுதிய என்ரிக்கோ புருனெட்டி, கல்கத்தாவில் வாத்தியம் வாசித்துப் பிழைத்த இசைக்கலைஞர். 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் வந்து இலங்கை முழுவதும் பூச்சி சேகரித்துப் போனார்கள். அவர்களையெல்லாம் வாசிக்கும்போது நன்றியும் வருகிறது, நெஞ்சுக்குள் ஒரு குத்தலும் வருகிறது. என் ஊரிலிருந்தபடி நான் செய்திருக்கக்கூடிய வேலை அது.

2017 வைகாசியில் ஊருக்குப் போனபோது, ஊசியில் குத்திய எப்பிங் ஈ ஒன்றைச் சிறு பெட்டியில் வைத்துச் சேரிடம் கொண்டுபோனேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கண் இரண்டிலும் புகார் படர்ந்திருந்தது. நான் ஈயின் பெயரைச் சொல்லத் தொடங்க, கையை உயர்த்தித் தடுத்தார்.

"பெயர் இருக்கட்டும். சீட்டை வாசியும்."

இடம், திகதி, பிடித்த முறை, என் பெயர் என்று நகத்தளவுச் சீட்டிலிருந்த எல்லாவற்றையும் வாசித்தேன். கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "உம்முடைய வளவிலே எத்தனை இனம்?" என்றார்.

"தெரியாது, சேர்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு எழுந்தேன்.

அன்று பின்னேரம் எங்கள் வளவில், வெடித்து விழுந்து கிடந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றின் மேல் கூன்முதுகு ஈ ஒன்று ஓடி நின்று, ஓடி நின்று திரிந்தது. அனுமதிப் பத்திரமில்லாமல் அதைப் பிடித்து நாட்டுக்கு வெளியே கொண்டுவரக் கூடாது. முழங்காலில் இருந்து, அது சருகுக்குக் கீழ் போகும்வரை பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பிறகு குறிப்புப் புத்தகத்தில் ஊர், வளவு, மரம், திகதி, நேரம் எல்லாம் எழுதினேன். பெயருக்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.