நம்ம கால நாமளே தொட்டதில்ல

பினாங்கு பயான் லெப்பாஸ் பேக்டரில 12 மணி நேர சிஃப்ட்டு, பாதிக்கு மேல நின்னுக்கிட்டேதான் வேலை. வீட்டுக்கு வந்தா கால் ரெண்டும் வீங்கிப்போய் செருப்பு வார் அச்சு அப்படியே பதிஞ்சிருக்கும். அந்த எரிச்சல்ல எல்லார் மேலயும் கத்திக்கிட்டு இருந்தப்பதான் கூட வேலை செய்யற தோழி ஒருத்தி நன்றி டைரி எழுதிப் பாருடின்னு சொன்னா. 2003ல எம்மன்ஸ், மெக்கல்லோன்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல செஞ்ச ஆராய்ச்சி இருக்காம், நன்றி சொல்லத் தோணுற விசயம் வாரம் ஒரு தடவ அஞ்சு வரைக்கும், 10 வாரம் எழுதினவங்களுக்கு மனசு கொஞ்சம் தெளிவா இருந்திச்சாம். நான் சும்மா இருப்பனா, தினமும் எழுதினேன். நாலாவது நாள் "அம்மா, வேலை, சாப்பாடு". அஞ்சாவது நாள் "சாப்பாடு, வேலை, அம்மா". ஹோம்வொர்க் மாதிரி ஆயிருச்சு லா, மூடி வச்சிட்டேன்.

அப்புறம் அவளே என்ன தண்ணிமலை பொட்டானிக்கல் கார்டனுக்கு யோகாவுக்கு இழுத்துக்கிட்டுப் போனா, ஞாயித்துக்கெழம காலைல 7 மணிக்கு. புல்லு ஈரம், பாய்க்கு அடியில எறும்பு, போன மொத நாளே ஒரு குரங்கு என் ரொட்டிப் பொட்டலத்தத் தூக்கிட்டு மரத்துல ஏறி நிதானமா பசியாறிச்சு. சொல்லிக்குடுக்கறது ஓய்வுபெத்த டீச்சரம்மா ஒருத்தங்க. யோகா குரு சுவாமி சிவானந்தா ரிஷிகேஷ் போறதுக்கு முன்னாடி 1913லேர்ந்து 1923 வரைக்கும் நம்ம மலாயாவுலதான் டாக்டரா இருந்தாரு, தோட்டத்து ஆஸ்பத்திரிலகூட வேலை பாத்தாருன்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்னிக்கு பஸ்சிமோத்தானாசனம். கால நீட்டி உக்காந்து குனிஞ்சு கட்டைவிரல புடிக்கணும். எனக்கு முட்டிக்கு மேல கை போகல. டீச்சரம்மா முட்டிய மடக்கிக்கச் சொல்லிட்டு, "புடிச்சிட்டியா, அப்படியே மூச்சு விடும்மா, யார் யார் கால்லயோ விழுறோம், நம்ம கால நாமளே என்னிக்காவது தொட்டிருக்கமா"ன்னாங்க. புடிச்சேன். குதிகால்ல வெடிப்பு, சுண்டுவிரல்ல சேஃப்டி ஷூ தேச்சு தேச்சுக் காச்சுப்போன தோலு, மேல ஒரு நரம்பு மெல்லமா துடிக்குது. இத்தன வருசமா என்னத் தாங்குன கால் இதுதானேன்னு தோணுச்சு, தொண்டை அடைச்சுக்கிச்சு. மைண்ட்ஃபுல்னஸ், அதான் இந்த நிமிசத்துலயே மனச வைக்கறதுன்னு சொல்றாங்களே, அதப்பத்தி பெரிசா ஒன்னும் தெரியாது எனக்கு, ஆனா டைரில அஞ்சு நாள் எழுதி வராதது அந்த அஞ்சு மூச்சுல வந்திச்சு.

வீட்டுக்கு வந்தா அம்மா சோபாவுல கால நீட்டி டிவி பாத்துக்கிட்டிருக்காங்க. சுங்கைப் பட்டாணில, ரப்பர் தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடி பால்மரம் வெட்டப் போன கால். பக்கத்துல தரையில உக்காந்து தைலம் எடுத்து அமுக்கி விட்டேன். கொஞ்ச நேரம் பேசாம பாத்தாங்க.

"எவ்ளோ காசு வேணும் உனக்கு?"