உண்ணாமலே உயர்ந்து நிற்கும் சர்க்கரை

செந்தூலில் எங்கள் வீட்டில் தைப்பூச விரத காலம் வந்தாலே அம்மாவின் கேள்வி ஒன்றும் கூடவே வந்துவிடும்: இரவு முழுவதும் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடாத உடம்பில் காலையில் இரத்தச் சர்க்கரைக் கருவி 8.1 மில்லிமோல் என்று காட்டினால், அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? கல்லீரலே தயாரிக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் நம்புவதில்லை. இனிப்பு நீர் (நீரிழிவு) என்றாலே சாப்பாட்டுக் குற்றம் என்று எண்ணிப் பழகிய நம்மவர்களுக்கு, கலிபோர்னியாக் கரையோரங்களில் பிறக்கும் வடக்கு யானைச் சீல் என்னும் கடல் பாலூட்டியின் குட்டியைத்தான் நான் சாட்சிக்கு அழைப்பேன்.

அந்தக் குட்டி ஏறக்குறைய நான்கு வாரம் மட்டுமே பால் குடிக்கிறது. தாய் அக்காலம் முழுவதும் எதையும் உண்ணாமல், தன் உடற்கொழுப்பையே கரைத்துப் பாலாக்குகிறது. நாள் செல்லச் செல்ல அப்பாலில் பாதிக்கு மேல் கொழுப்பாகிவிடுகிறது, சர்க்கரையோ பெயரளவுக்குத்தான். பிறந்தபோது 40 கிலோ அளவில் இருந்த குட்டி மூன்று மடங்காகப் பெருத்ததும் தாய் கடலுக்குப் போய்விடும். அதன்பின் இரண்டு மாதத்துக்கும் மேலாகக் குட்டிக்கு இரையே கிடையாது.

இப்படிப் பட்டினி கிடக்கும் குட்டியின் இரத்தத்தில் சர்க்கரை பெரும்பாலும் லிட்டருக்கு 7 மில்லிமோலை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கிறது. வெறும் வயிற்றில் 7 என்பது நம் மருத்துவர்கள் நீரிழிவு என்று முடிவுசெய்யும் எல்லை. இன்சுலினோ நாளடைவில் குறைகிறது. ஆய்வாளர்கள் குளுக்கோஸைச் செலுத்திப் பார்த்தபோதும் சர்க்கரை மெதுவாகவே இறங்கியது. நமக்கு நோயாகும் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, இங்கே பட்டினியைத் தாங்கும் ஏற்பாடாகவே எனக்குத் தோன்றுகிறது: தசைகள் கொழுப்பை எரித்துக்கொண்டு சர்க்கரையைத் தொடாமல் விடுவதால், அது மூளைக்கும் சிவப்பணுக்களுக்கும் மிஞ்சுகிறது.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது, அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதி எரிந்து தீர்ந்துபோவதில்லை என்பதே. உயிரணுவின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுக்கள் குளுக்கோஸை லாக்டேட் வரை மட்டுமே உடைக்கின்றன. கல்லீரல் அந்த லாக்டேட்டை மீண்டும் குளுக்கோஸாகக் கட்டுகிறது, அதற்கான ஆற்றலைக் கொழுப்பு தருகிறது. கொழுப்பு உடையும்போது வெளிப்படும் கிளிசராலும் சிறிது உதவுகிறது. ஆகவே சர்க்கரைக்காகத் தசைப் புரதத்தை அதிகம் கரைக்க வேண்டியதில்லை. நெடும் பட்டினியில் மனித மூளை பெரிதும் நம்பும், கொழுப்பிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் எரிபொருளான கீட்டோன்களும் இக்குட்டிகளின் இரத்தத்தில் குறைவாகவே இருக்கின்றன.

ஆழமற்ற நீரில் நீந்தவும் மூச்சடக்கவும் அவை பழகுவதும் இந்தப் பட்டினிக்குள்ளேதான். எடையில் கால் பங்குக்கு மேல் இழந்த பிறகே முதல் இரையைத் தேடிக் கடலில் இறங்குகின்றன.