சுவிட்சைத் தட்டும் அப்பாக்கள்

ராத்திரி பத்தரைக்கு மகன் டெஸ்க்டாப்பை ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் படுக்கப் போவான். பின்னாலேயே அப்பா ரோந்து வருவார். சிபியூவில் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். "கரண்ட் போகுது பாரு" என்று சுவர் சுவிட்சைத் தட்டுவார். காலையில் சேவ் செய்யாத எக்செல் ஷீட்டுக்காக வீட்டில் ஒப்பாரி.

சாதாரண ஸ்லீப்பில் வேலையெல்லாம் ரேம் என்கிற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ், அதாவது சிபியூவுக்குள் இருக்கும் பவர் சப்ளை, கொஞ்சமாவது கரண்ட் ஊட்டினால்தான் ரேமுக்கு ஞாபகம். அந்தக் கொஞ்சம், சாதாரண டெஸ்க்டாப்புக்கு 2 முதல் 4 வாட். அதே பெட்டி சும்மா ஆன் ஆகிக் கிடந்தால் சுமார் 60 வாட், மானிட்டருக்கு இன்னொரு 20. ஸ்கிரீன் சேவரில் மீன் நீந்தினாலும் அதே கணக்குதான், பின்விளக்கு எரிகிறதே!

இரவுக்கு 10 மணி நேரம், இரண்டு மாத ரீடிங்குக்கு 600 மணி. ஆன் ஆகிக் கிடந்தால் 48 யூனிட். ஸ்லீப்பில் மானிட்டரையும் சேர்த்து 2 யூனிட் சொச்சம். 46 யூனிட்டை ஸ்லீப்பே மிச்சம் பிடித்தாயிற்று. அப்பா ஷீட்டைப் பலி கொடுத்துக் காத்தது அந்த இரண்டை. தமிழ்நாட்டில் 480 யூனிட் ஓடும் வீட்டுக்கு இந்த 46 சாதாரணமில்லை. 500ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாபில் கிடைத்த மலிவு விலையும் கைவிட்டுப் போகும்.

சுவிட்சைத் தட்டியே தீருவேன் என்பவர் இருக்கும் வீட்டில் ஹைபர்னேட்தான் வழி. ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு அணையும், பிளக்கையே பிடுங்கலாம். விண்டோஸில் பெரும்பாலும் ஒளித்து வைத்திருப்பார்கள். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் பகுதியில் போய் டிக் போட வேண்டும்.

ஸ்லீப்பில் போட்ட கம்ப்யூட்டர் நடுராத்திரி இரண்டு மணிக்குத் தானாக விழித்துக்கொண்டால் பேயோட்ட வேண்டாம். மேஜை ஆடினால் மவுஸும் அசையும், அது போதும். டிவைஸ் மேனேஜரில் மவுஸின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடுங்கள். அப்படியும் எழுந்தால் பவர் ஆப்ஷன்ஸில் வேக் டைமர்களை, அதாவது குறித்த நேரத்தில் கம்ப்யூட்டரை எழுப்பும் அலாரங்களை, நிறுத்துங்கள். அப்டேட்டுக்காக எழுந்திருக்கும்.

இத்தனைக்கும் ஹாலில் ரிமோட்டில் அணைத்த செட்டாப் பாக்ஸ், பல மாடல்களில், ஓடும்போது தின்கிற அளவை விடியவிடியத் தின்றுகொண்டிருக்கும். தொட்டால் சுடும். அந்த சுவிட்சை மட்டும் அப்பா தட்டமாட்டார். காலையில் அது பூட் ஆகி முடிப்பதற்குள் ராசிபலன் போய்விடும்.