வரிசையில் நிற்காத பயிற்சி

பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே பந்து, கூம்புகளைச் சுற்றி ஓட்டம் என்றால் கால்பந்துப் பயிற்சி நேரத்தில் பாதிக்குமேல் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். தெரு ஆட்டத்தில் அந்தக் காத்திருப்பு கிடையாது. ஜெர்மனி 2024-25 பருவத்திலிருந்து ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு அணிக்கு இரண்டு அல்லது மூன்று பேர், நான்கு குட்டி கோல் போஸ்ட் என்று விதியையே மாற்றிவிட்டது. அருமையான முடிவு!

இங்கேயும் செய்யலாம். ஏறத்தாழ 25க்கு 20 மீட்டர் இடம், ஒவ்வொரு முனையிலும் இரண்டு கோல். அவற்றை நெருக்கி வைத்தால் எல்லோரும் நடுவில் குவிவார்கள். மூலைப் பக்கம் தள்ளி வைத்தால் தலைநிமிர்ந்து, ஆளில்லாத கோலைத் தேடுவார்கள். கோலுக்கு 6 மீட்டருக்குள் வந்த பிறகே அடிக்க விடுங்கள், இல்லாவிட்டால் தூரத்திலிருந்தே உதைத்துத் தள்ளுவார்கள்.

பழகாத காலால் உதைப்பது மட்டும் ஆட்டத்தில் தானாக வராது. அதற்குத் தனியாகப் பத்து நிமிடம், ஆளுக்கொரு பந்து.