ஞாயிற்றுக்கிழமைக் கல்லூரி

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 31 பேர் இருக்கிறோம். சென்னை குயின் மேரிஸ் கல்லூரியில் வெவ்வேறு வருடங்களில் படித்துவிட்டு, கல்யாணம், மத்திய அரசு வேலை, கணவருக்கு மாற்றல் என்று ஏதோ ஒன்றின் பின்னால் டெல்லிக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். மூத்தவருக்கு எழுபத்தாறு வயது. இளையவள் குர்கானில் ஐ.டி. வேலை பார்க்கிறாள். பல வருடமாக அந்தக் குழுவில் ஓடியதெல்லாம் காலை வணக்கப் படம், கொலுப் படம், யாருக்காவது மூட்டு வலி என்றால் தைலத்தின் பெயர். 2025-ல்தான் முதல்முறையாக ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்த்தோம். ஒரே ஒரு பெண். அதற்கு எங்களில் ஒன்பது பேர் தேவைப்பட்டார்கள்.

நாங்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்ததே ஒரு பயத்தில்தான். 2003-ல், கல்லூரியை இடித்துவிட்டு அந்த இடத்தில் தலைமைச் செயலகம் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. 1914-ல் தொடங்கியது, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி, டோரதி டி லா ஹே முதல் பிரின்சிபாலாக இருந்து வளர்த்தது, வாசலைத் தாண்டினால் மெரினா. மாணவிகள் வளாகத்தை விட்டு நகர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். இங்கே ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்திலும் மலை மந்திர் முருகன் கோயிலிலும் "நீங்க எந்தக் காலேஜ்?" என்று விசாரித்து விசாரித்து ஒரு பத்துப் பேர் சேர்ந்தோம். ஒரு கடிதம் எழுதி அனுப்பினோம். அதை அங்கே யாரும் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. திட்டம் கைவிடப்பட்டது, போராடியவர்கள் அந்தப் பெண்கள். எங்களுக்கு மிஞ்சியது பத்து போன் நம்பர்.

அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் பேச்சு மட்டும்தான்.

நான் இருப்பது ஜங்புராவில். என் வீட்டில் வேலை செய்கிறவர் உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர், பக்கத்திலிருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தார். பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக, தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருந்த குடியிருப்பு. அவருடைய மகள் லோதி எஸ்டேட்டிலுள்ள டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தாள். இந்த ஊரில் அந்தக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள். அங்கே படித்ததால் அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். என் பெண்ணுக்குத் தெரியாது, அது வேறு கதை.

மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. எழுபத்தொரு சதவீதம். அம்மா ஒரு டப்பாவில் மைசூர்பாகு கொண்டுவந்து வைத்தார். "அடுத்து என்ன?" என்று கேட்டேன். "அதான் முடிஞ்சிடுச்சேக்கா" என்றார். மகளைத் தனியாகக் கேட்டேன். காலேஜ் போகணும் என்றாள். சியூஇடி எழுதினாயா என்று கேட்டதற்கு, "அது எஞ்சினியரிங்குக்கு இல்லையா ஆன்ட்டி?" என்றாள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2022-லிருந்து வழக்கமான இளங்கலை வகுப்புகளுக்கு அந்த நுழைவுத் தேர்வுதான் வாசல். அதன் விண்ணப்பம் ரிசல்ட்டுக்கு வெகுமுன்பே முடிந்துவிடும். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லாத பிள்ளைக்கு இதை யார் சொல்வது? மூன்று வருடமாக வாரத்துக்கு ஆறு நாள் அவளுடைய அம்மாவோடு பேசுகிற நானே சொல்லவில்லை.

அன்று ராத்திரி குழுவில் எழுதினேன். வழக்கம்போல் பதினாறு கைகூப்பும் படங்கள். ஒருவர் மட்டும் பதில் எழுதினார். டெல்லிக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். "என்சிவெப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. கேள்விப்பட்டதும் இல்லை. 'நான்-காலேஜியேட் விமன்ஸ் எஜுகேஷன் போர்டு' என்று டெல்லிப் பல்கலைக்கழகத்திலேயே ஒரு பிரிவு, 1940-களிலிருந்து இருக்கிறது. பெண்களுக்கு மட்டும், அதுவும் டெல்லி எல்லைக்குள் வசிக்கிற பெண்களுக்கு மட்டும். சனி அல்லது ஞாயிறு, வாரத்தில் ஒரு நாள் வகுப்பு. ஏதாவது ஒரு கல்லூரிக் கட்டடத்தில், வழக்கமான மாணவர்கள் இல்லாத நாளில் நடக்கும். பாடத்திட்டமும் பட்டமும் அதே பல்கலைக்கழகத்துடையவை. பி.ஏ., பி.காம். உண்டு. சியூஇடி வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். அஞ்சல் வழிக் கல்வி என்றால் 1962-லிருந்து இருக்கும் எஸ்ஓஎல் (ஸ்கூல் ஆஃப் ஓப்பன் லேர்னிங்) எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாரத்துக்கு ஒரு நாளாவது பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இன்னொரு பெண்ணைப் பார்ப்பதற்கும் தபாலில் புத்தகம் வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இது என் அபிப்பிராயம், எங்கள் குழுவிலேயே இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.

சரி, விண்ணப்பம் திறந்ததும் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஜூன் 1 வந்தது. நீதிமன்ற உத்தரவுப்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீடு. இவர்களுக்குக் கிடைத்தது, அந்த வகையில் அதிர்ஷ்டம். ஆனால் நரேலா டெல்லியின் வடக்கு ஓரம், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். மெட்ரோ கிடையாது. அம்மா விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மூன்று பஸ் மாறி வந்தார். 2019-லிருந்து பஸ்ஸில் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்த பிங்க் டிக்கெட் இல்லாவிட்டால் அந்தச் சம்பளத்தில் வந்து போகவே முடிந்திருக்காது. இரண்டு வாரம் அவரிடம் படிப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவர்தான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த ஞாயித்துக்கெழம காலேஜுன்னு சொன்னீங்களே, அது நரேலால இருக்குதாக்கா?"

நரேலாவில் இல்லை. பக்கத்தில் பவானாவில் இருந்தது, அதிதி மகாவித்யாலயா. மாற்று வீடு கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மையம்.

இனி நடந்தது முழுக்கக் காகித வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பிள்ளைகள் கழன்றுகொள்கிறார்கள்.

முதல் தகராறு பெயர். தமிழ்ப் பெயரில் வருகிற 'தா'வுக்கு நாம் டி, ஹெச் இரண்டும் போடுவோம். ஆதார் எடுத்த வடநாட்டுப் பையன் டி மட்டும் போட்டிருந்தான். மதிப்பெண் பட்டியலில் வெறும் பெயர். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்தாக இனிஷியல். சாதிச் சான்றிதழ் எடுக்கப் போனால் இனிஷியல் முன்னால். விண்ணப்பப் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டி நிற்கிறது. ஒரே பெண், நான்கு காகிதத்தில் நான்கு பேர்.

குழுவில் உள்ள வங்கி மேனேஜர் அடித்துச் சொன்னார்: மதிப்பெண் பட்டியலை யாரும் தொடாதீர்கள், அதைத் திருத்துவது பெரும்பாடு, மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். இதற்காக ஒரு ஆதார் மையத்துக்கு மூன்று தடவை அலைந்தோம். முதல் தடவை சர்வர் இல்லை. இரண்டாவது தடவை, நாங்கள் கொண்டுபோன காகிதம் செல்லாது என்றார்கள். படிக்கிற பிள்ளைக்குப் பள்ளித் தலைமையாசிரியர் ஆதாரின் குறிப்பிட்ட படிவத்தில் போட்டோ ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஏற்பார்கள் என்பதை ஓய்வு பெற்ற செக்ரடேரியட் அக்கா ஒருவர் தோண்டி எடுத்தார். பள்ளியில் அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை வேலை முடிந்தது. கவுன்டரில் இருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டி, "இந்த எழுத்துதானே?" என்று கேட்டார். அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத் தலையாட்டினாள். முகவரி மட்டும் பழையதாகவே இருந்தது, இடித்துத் தரைமட்டமான வீட்டின் எண். அதுவும் டெல்லி முகவரிதான், போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். அப்பாவின் பெயரில் ஊரில் வாங்கிய பழைய அட்டை இருந்தது. பிள்ளையின் பெயரில் வேண்டும். தமிழ்நாட்டு இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்ட வேண்டும். ஊரில் இருக்கும் பாட்டியின் ரேஷன் கார்டை வைத்துப் போட்டோம். "பொண்ணு இங்க இல்லியே, எப்படிக் குடுக்குறது?" என்று ஒரு மேஜையில் நிறுத்திவிட்டார்கள். விழுப்புரத்தில் இருக்கும் எங்கள் காலேஜ்காரி ஒருத்தி, எங்கள் டெல்லிக் குழுவில்கூட இல்லாதவள், பாட்டியைக் கூட்டிக்கொண்டு நேரில் போனாள். கிடைத்தது. ஆனால் நாங்கள் விண்ணப்பத்தை முடித்துப் பத்து நாள் கழித்து. அதற்குள் பொதுப் பிரிவிலேயே போட்டுவிட்டோம். ஸ்காலர்ஷிப்புக்கு ஆகும் என்று சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

பணம் பெரிய விஷயமாகவே இல்லை. பணத்தைத்தான் எல்லோரும் முதலில் நீட்டினார்கள். நியூஜெர்சியில் இருக்கும் ஒரு தோழி ஐந்நூறு டாலர் அனுப்புகிறேன் என்றாள். அவள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவள். அப்படிப்பட்டவர்களிடமிருந்து ஒரு சங்கம் பணம் வாங்க வேண்டும் என்றால் வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். நாங்கள் சங்கமே இல்லை. பதிவு செய்துவிடலாம், ஏழு உறுப்பினர் இருந்தால் போதும் என்று ஒருவர் கிளம்பினார். யார் தலைவர், யார் செயலாளர் என்று பேச்சு திரும்பியதும் இரண்டு நாள் குழுவில் அனல் பறந்தது. விட்டுவிட்டோம். கட்டணத்தை ஒருவர் தன் கார்டிலிருந்து நேராகப் பல்கலைக்கழக போர்ட்டலில் கட்டினார், ரசீதைக் குழுவில் போட்டார், அவ்வளவுதான்.

விண்ணப்பம் போட்டது என் சாப்பாட்டு மேஜையில். அவள் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கையெழுத்துப் போட வேண்டும், அதைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். தமிழில் போட்டாள். தமிழிலா என்று நான் தயங்கினேன். "ஸ்கூல்ல எப்பவும் இதான் ஆன்ட்டி" என்றாள். தாளின் ஓரத்தில் மஞ்சள் கறை. ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று போர்ட்டல் திருப்பித் தள்ளியது, சின்னதாக்கினால் எழுத்து மங்கியது. குர்கான் பெண்ணுக்குப் போன் போட்டோம். அவள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபடியே சரிசெய்து அனுப்பினாள். அப்புறம் ஓடிபி. அது போகிற நம்பர் அப்பாவுடையது. அப்பா பெயின்டிங் வேலைக்காக ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தார். முதல் இரண்டு ஓடிபியும் காலாவதி. மூன்றாவதற்கு அவர் சாரத்திலேயே நின்றுகொண்டு எண்களைக் கத்தினார், பின்னால் சுத்தியல் சத்தத்தோடு.

பட்டியல்கள் அடுத்தடுத்து வந்தன. மையத்துக்கு மையம் கட்-ஆஃப் வேறு, மிராண்டா ஹவுஸ் மாதிரி இடங்களில் அதிகம். பவானாவில் அவளுக்கு இடம் கிடைத்தது. பி.ஏ., வரலாறும் அரசியல் அறிவியலும்.

அப்பா அப்போதும் முழுமனதாக இல்லை. "ஒருநாள் போய் என்னா படிச்சிடப் போறா?" என்றார். அம்மா அவருக்குச் சொன்ன பதில் எங்களில் யாருக்கும் தோன்றாதது. "ஆறு நாளு வேலைக்கிப் போலாம்ல." நாங்கள் பெண் கல்வி, முன்னேற்றம் என்று தயார் பண்ணி வைத்திருந்த பேச்சுக்கு வேலையே இல்லாமல் போனது. அவள் இப்போது வாரநாட்களில் நரேலாவில் ஒரு டியூஷன் சென்டரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள்.

முதல் ஞாயிறு நானும் போனேன். தேவையில்லைதான், ஆசை. ஷேர் ஆட்டோவில் இறங்கினால் வாசலில் நூற்றுக்கணக்கில் பெண்கள். ஒருத்தியின் கையில் மருதாணி இன்னும் அழியவில்லை. ஒருத்தி குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அது அழுவதற்குள் உள்ளே ஓடினாள். காவலாளி என்னை உள்ளே விடவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் அந்த மாமியாருக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குழுவில் வாசலின் போட்டோவைப் போட்டேன். எழுபத்தாறு வயது அக்கா, "கடல் எங்கேடீ?" என்று எழுதினார்.

வெளியே வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "மேடம் ஃபுல்லா இந்தியில நடத்துறாங்க, நோட்ஸ் இங்கிலீஷ்ல குடுக்கிறாங்க" என்றாள். பசிக்கிறது என்றாள். சமோசா சாப்பிட்டோம்.

இப்போது அவள் எங்கள் குழுவில் 32-வது ஆள். குயின் மேரிஸில் படிக்காதவளை எப்படிச் சேர்ப்பது என்று ஒருவர் கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை. போன வாரம் அவள் இரண்டு மதிப்பெண் பட்டியல்களின் போட்டோ அனுப்பியிருந்தாள், பக்கத்து பிளாக் பெண்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால். சனிக்கிழமை மறுபடி ஆதார் மையம். அவளுடைய பழைய முகவரியையும் அன்றைக்கே மாற்றிவிடலாம் என்று இருக்கிறோம், சர்வர் இருந்தால்.