மோட்சார்ட் ஃப்ளூட் கான்சர்ட்டோ: எந்த வேகம், எத்தனை கட்டை?

மோட்சார்ட்டின் கே. 313 (அவரது படைப்புப் பட்டியலில் இதன் எண்) ஃப்ளூட் கான்சர்ட்டோவுக்கு, அதாவது தனி ஃப்ளூட்டும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு, "ஜி மேஜர், 110 பிபிஎம், உற்சாகம்" என்று ஒற்றை வரி லேபிள் ஒட்டினால் (பிபிஎம் என்றால் நிமிஷத்துக்கு எத்தனை அடி), அது முதல் பாகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மொத்தம் ஏறக்குறைய 25 நிமிஷ இசை. மூன்று பாகங்களுக்கும் வேகம் வேறு, குணம் வேறு. நடுப்பாகத்துக்கு சுருதியே வேறு.

ஜெர்மனியின் மான்ஹைமில் தங்கியிருந்தபோது, 1778 வாக்கில் எழுதியது இது. எழுதச் சொன்னவர் ஃபெர்டினாண்ட் டெஜான். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்தவர், ஆசைக்கு ஃப்ளூட் வாசித்தவர். 200 கல்டன் (அக்கால நாணயம்) தருவதாகப் பேச்சு. சொன்ன எண்ணிக்கையில் முடித்துத் தராததால் மோட்சார்ட் கைக்கு வந்தது 96.

முதலில் சுருதி. ஜி என்றால் நம் கணக்கில் 5 கட்டை. மேஜர் ஸ்கேலில் இருப்பவை சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். முதல் பாகமும் மூன்றாம் பாகமும் 5 கட்டை; இடையில் வரும் அடாஜியோ (மெதுவான பாகம்) டி மேஜர், அதாவது 2 கட்டை. ஸ்வர ஸ்தானத்துக்கு மட்டும்தான் இந்த ஒப்பீடு. கமகத்தையோ சஞ்சாரத்தையோ இதில் தேடக் கூடாது.

முதல் பாகத்தை ஒரு முறை ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். ஆர்க்கெஸ்ட்ரா தனியாக வாசிக்கும் தொடக்கப் பகுதி ஜி-யை விட்டு நகராது. பிறகு ஃப்ளூட் நுழைந்து அதே தொடக்க மெட்டை (தீம்) தானும் சொல்லும். அதற்கப்புறம் சி இருந்த இடத்தில் சி ஷார்ப் எட்டிப் பார்க்கும். 5 கட்டையிலேயே நிற்கும் காதுக்கு, சுத்த மத்யமம் போய்ப் பிரதி மத்யமம் வந்த மாதிரி, சட்டென்று கல்யாணி ராகத்தின் வெளிச்சம் அடிக்கும். அந்தச் சில நொடிகள்தான் எனக்கு இந்தப் பாகத்திலேயே அழகான இடம். சிறிது நேரத்தில் பஞ்சமமே புது ஷட்ஜமாக உட்கார்ந்துவிடும். இரண்டாம் தீம் டி மேஜரில் வரும். பாகத்தின் கடைசிப் பகுதியில் அதே தீம் ஜி-க்குத் திரும்பி வரும்.

பதிவைக் கேட்டு சுருதியும் வேகமும் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் தடுமாறுவதும் இங்கேதான். ஜி மேஜருக்கும் டி மேஜருக்கும் ஏழில் ஆறு ஸ்வரங்கள் பொது. எந்த ஸ்வரம் அதிகம் ஒலித்தது என்று எண்ணிப் பார்க்கும் நிரல், ஜி பாகத்தை டி என்று சொல்லிவிடும். ஒவ்வொரு பாகத்திலும் கடைசி அரை நிமிஷத்தை மட்டும் வெட்டிக் கொடுங்கள். மூன்று பாகங்களும் தத்தம் சொந்த சுருதியில்தான் முடிகின்றன. விடை சரியாக வரும்.

இன்னொரு சிக்கல் பழைய வகை வாத்தியங்களில் செய்த பதிவுகளில் வரும். இன்றைய ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்று மேல். அந்தக் காலத்து ஓசையை மீட்கும் குழுக்கள் பெரும்பாலும் 430-ஐ ஒட்டி வைத்துக்கொள்கின்றன. வித்தியாசம் 40 சென்ட், அரை ஸ்வரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டு சில நிரல்கள் எஃப் ஷார்ப் மேஜர் என்று காட்டும். பதிவில் குறையில்லை. 430-ஐ அடிப்படையாக மாற்றிவிட்டு மறுபடி அளக்கவும்.

வேகத்துக்குக் கைக்கணக்கே மேல். முதல் பாகம் 4/4. ஸ்டாப்வாட்ச் வைத்து 8 பார் (ஒரு பார் என்பது நான்கு அடித் தாளச் சுற்று), அதாவது 32 அடிகளுக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். 32-ஐ 60-ஆல் பெருக்கி நொடியால் வகுத்தால் பிபிஎம். 17 நொடி என்றால் 113. ஆர்க்கெஸ்ட்ரா தனியாக வாசிக்கும் இடத்தில் ஒன்று, ஃப்ளூட் வாசிக்கும் இடத்தில் ஒன்று என இரண்டு முறை அளப்பது நல்லது. ஃப்ளூட் வரும்போது வேகம் இளகுவது சகஜம்.

105-லிருந்து 120 வரை இந்தப் பாகத்துக்கு ஒத்துவரும். அலெக்ரோ (வேகமாக) என்பதோடு மாயெஸ்டோசோ என்றும் மோட்சார்ட் எழுதியிருக்கிறார், கம்பீரமாக என்று. 125-ஐத் தாண்டினால் முதல் தீமின் நிமிர்ந்த நடை தொலைந்து ஓட்டமாகிவிடும். "உற்சாகம்" என்று லேபிள் போடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தக் கம்பீரத்தைத்தான்.

அடாஜியோவின் உண்மையான அடி நிமிஷத்துக்கு 30-லிருந்து 36. நிரல்கள் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. 65 என்றோ 130 என்றோ காட்டும். 65 என்பது அரை அடியின் எண்ணிக்கை, 130 கால் அடியுடையது. அந்த 130-ஐ நம்பி இதை வேகமான இசைப் பட்டியலில் சேர்த்தால் பெரிய அநியாயம். வயலின்களின் குதிரைமேல் (தந்திகளைத் தாங்கும் துண்டு) ஓசையை அடக்கும் ம்யூட் மாட்டச் சொல்லியிருக்கிறார். ஓபோக்களை (நாகஸ்வரம் போல நாக்கு வைத்து ஊதும் வாத்தியம்) நிறுத்திவிட்டு ஆர்க்கெஸ்ட்ராவிலும் இரண்டு ஃப்ளூட்களை வைத்திருக்கிறார். அதனால் சோலோ ஃப்ளூட் தன் இனத்தின் நிழலிலேயே பாடுகிறது. இதைச் சோகம் என்று சொல்ல மாட்டேன், சாந்தம். "நான் ட்ராப்போ", ரொம்ப இழுக்காதே, என்று அவர் சொன்னதை மீறி இழுத்தால், மூச்சு போதாமல் ஒரே வாக்கியம் இரண்டாக உடையும். மெல்ல ஊதும்போது ஃப்ளூட்டின் சுருதி இறங்கப் பார்க்கும் என்பதால், நீண்ட மெல்லிய ஸ்வரங்களில் பிசகு பளிச்சென்று தெரியும்.

மூன்றாம் பாகம் ரோண்டோ (முதல் மெட்டு திரும்பத் திரும்ப வரும் வடிவம்), மினுவெட் என்ற நாட்டியத்தின் வேகத்தில், 3/4. அடி 115-ஐ ஒட்டி. எண்ணைப் பார்த்தால் முதல் பாகம் போலத் தோன்றும், காதுக்கு அப்படியில்லை. இங்கே பாரின் முதல் அடிதான் ஊன்றும், மற்ற இரண்டும் மிதக்கும். மூன்றையும் சமமாக அழுத்தினால் நாட்டியம் போய்விடும்.

அளக்கும்போது கடென்ஸாவை, அதாவது ஆர்க்கெஸ்ட்ரா நின்றுவிட ஃப்ளூட் தனியாக வாசிக்கும் இடத்தை, விட்டுவிடுங்கள். இந்த கான்சர்ட்டோவுக்கு மோட்சார்ட் எழுதிய கடென்ஸா நம்மிடம் இல்லை. அவரவர் எழுதியதையோ பிறர் எழுதியதையோ வாசிக்கிறார்கள். நீளம் ஆளுக்கு ஆள் மாறும், தாளக் கட்டும் கிடையாது. இரண்டு பதிவுகளின் மொத்த நேரத்தில் ஒரு நிமிஷம் வித்தியாசம் இருந்தும் அடியின் வேகம் ஒன்றாகவே இருக்கலாம்.